ரயிலடியிலிருந்து மலையடிக்கு: தாம்பரம் வட்டாரத்தில் சைக்கிள்

தாம்பரம் வட்டாரத்தில் சைக்கிள் முதலில் ரயிலுக்குத் துணை வண்டியாக இருந்தது. காலையில் வீட்டிலிருந்து ஸ்டேஷன், மாலையில் ஸ்டேஷனிலிருந்து வீடு. நடுவே பகல் முழுக்க அது ஸ்டாண்டில் பூட்டிக் கிடக்கும். ஊர் பார்ப்பதற்கென்று பத்து இருபது பேர் விடியற்காலையில் கூடி, வழி தெரிந்த ஒருவர் முன்னால் போக, மற்றவர்கள் பின்தொடரச் சைக்கிளில் கிளம்புவது இங்கே ஏறக்குறைய 2010-க்குப் பின் வந்த வழக்கம். முதலாவது வழக்கம் ஓய்ந்துபோன பிறகுதான் இரண்டாவது வேர்பிடித்தது. இந்த வட்டாரத்துச் சைக்கிளின் வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி இதுவே.

மேலைநாடுகளில் வரிசை வேறு. அங்கே சைக்கிள் பிறந்ததே உல்லாசத்துக்காக. 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இரு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவாக உள்ள ‘ரோவர்’ வண்டியைக் கொண்டுவந்தார். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். இவற்றுக்கு முன்பே, முன்சக்கரம் ஆளுயரம் இருந்த பழைய வண்டியின் காலத்திலேயே, 1878-ல் இங்கிலாந்தில் சைக்கிள் பயணிகளுக்கென ஒரு சங்கம் ஏற்பட்டுவிட்டது. எந்த ஊரில் எந்த விடுதி, என்ன வாடகை என்று அது பட்டியல் போட்டது. செங்குத்தான இறக்கங்களில் எச்சரிக்கைப் பலகை நட்டது. 1883-ல் டச்சுக்காரர்களும் அதேபோல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது இன்று கார் வைத்திருப்பவர்களுக்கு உதவும் பெரிய அமைப்பாக இருக்கிறது. முதலில் பணக்காரரின் விளையாட்டு, பிறகு தொழிலாளியின் வாகனம், கார் வந்ததும் கொஞ்ச காலம் மறதி, பின்னர் சுற்றுலா. ஐரோப்பிய நகரங்களில் இன்று வெளிநாட்டுப் பயணிகள் நண்பர்களோடு பணம் கட்டிச் சேர்ந்துகொள்ளும் வழிகாட்டிச் சுற்றுகள் இந்த நீண்ட பாதையின் கடைசிக் கட்டம்.

இந்தியாவுக்கு நெடும்பயணச் சைக்கிள் சீக்கிரமே வந்தது. உலகத்தைச் சைக்கிளில் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ் 1886-ல் லாகூரிலிருந்து கல்கத்தா வரை பழைய பெருஞ்சாலையில் ஓட்டிப் போனார். தெற்கே அவர் இறங்கவில்லை. 1923-ல் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர்கள் சிலர் உலகப் பயணம் புறப்பட்டார்கள். அவர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்கரா ஆகிய மூவர் 1928-ல் சுற்றை முடித்துத் திரும்பினர். இவையெல்லாம் தனிமனிதச் சாகசங்கள். இவற்றால் ஓர் ஊரில் சைக்கிள் பழக்கம் ஏற்பட்டுவிடாது. அதற்கு அன்றாடத் தேவை ஒன்று வேண்டும். தாம்பரத்துக்கு அந்தத் தேவையைக் கொண்டுவந்தது மின்சார ரயில்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் பாதையில் மின்சார வண்டி 1931-ல் ஓடத் தொடங்கியது. தூரம் 29 கிலோமீட்டருக்கு நெருக்கம். இந்திய அளவில் பம்பாய்க்கு அடுத்தபடியாக இந்த வசதியைப் பெற்ற புறநகர்ப் பாதை இது. அந்நாளில் பாதையின் இருபுறமும் ஏரி, வயல், கரட்டு மேடு. ராணுவக் குடியிருப்பாக இருந்த பரங்கிமலையும் பல்லாவரமும் மட்டுமே ஓரளவு பெரிய ஊர்கள். குரோம்பேட்டை என்ற பெயரே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் நடத்திய குரோம் தோல் தொழிற்சாலையிலிருந்து வந்தது. தாம்பரத்துக்கு வடக்கே 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் ஏற்படுத்தினார். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் இப்படியொரு மருத்துவமனை நடத்திப் பழகியவர் அவர். திறந்தவெளியும் தூய காற்றும்தான் அவருடைய வைத்தியத்தின் முக்கிய மருந்து. காற்று நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் இது என்று இன்றைய ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அந்த ஊரின் ஸ்டேஷனுக்கு ‘தாம்பரம் சானடோரியம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

1937-ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு மாறியது. சுமார் 365 ஏக்கர் காட்டு நிலம். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அதில் மரம் வளர்த்தார்கள். அடுத்த ஆண்டு, 1938 டிசம்பரில், உலக அளவிலான கிறித்தவ ஊழிய மாநாடு அந்த வளாகத்தில் கூடியது. பல நாடுகளிலிருந்து ஏறத்தாழ 470 பேர் வந்தார்கள். கிறித்தவ இறையியல் நூல்களில் ‘தாம்பரம்’ என்றால் இன்றும் அந்த மாநாடு என்றே பொருள். 1949-ல் சி. ராஜம் குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியைத் தொடங்கினார். ரயில், கல்லூரி, தொழிற்சாலை, ஆஸ்பத்திரி என்று வரிசையாக வந்ததும் மனை பிரித்தார்கள். நகரத்து அலுவலகங்களில் வேலைபார்த்த குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் ரயில்வே ஊழியர்களும் குடியேறினார்கள்.

மனைகள் பாதையை ஒட்டியே இருக்கவில்லை. கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம். மேற்கே முடிச்சூர், பம்மல், அனகாபுத்தூர். ஸ்டேஷனிலிருந்து இரண்டு முதல் ஐந்து கிலோமீட்டர். நடந்தால் களைப்பு, குதிரை வண்டி வைத்தால் செலவு. சைக்கிளுக்கு அளந்து வைத்தாற்போன்ற தூரம். லோக்கல் வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போக வசதி கிடையாது. ஆகவே ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு முளைத்தது. கீற்றுக் கொட்டகை, வரிசை வரிசையாகச் சாய்த்த வண்டிகள், சீட்டில் சுண்ணக்கட்டியால் எழுதிய எண், அதே எண்ணுள்ள சிறு அட்டை. மாதக் கட்டணம் கட்டியவருக்கு அட்டையும் வேண்டாம், முகமே போதும். கடைசி ரயில் வரை ஸ்டாண்டுக்காரர் விழித்திருப்பார்.

சைக்கிள் வாங்குவது அந்நாளில் சின்னக் காரியமில்லை. சுதந்திரத்துக்கு முன் ஓடியவை பெரும்பாலும் ராலி, ஹம்பர், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. போன்ற இங்கிலாந்து வண்டிகள். 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தை ஏற்படுத்தி, அம்பத்தூரில் ஆலை அமைத்தது. அந்த இங்கிலாந்து நிறுவனத்தின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரில் அம்பத்தூரில் ஒரு மருத்துவமனை இன்றும் நடக்கிறது. சென்னையின் மேற்குப் புறநகர் வண்டியைச் செய்தது. தெற்குப் புறநகர் அதை ஓட்டியது. கறுப்பு நிறம், தோல் சீட், முழுச் செயின் கவர், பின்னால் இரும்புக் கேரியர், இறங்கி நிறுத்தினால் இருபக்கமும் ஊன்றி நிற்கும் ஸ்டாண்டு: ஒரு குடும்பத்தில் இந்த வண்டி இருபது முப்பது ஆண்டு உழைத்தது. கேரியரில் அரிசி மூட்டை, முன் பாரில் குழந்தைக்கென்று தனியாக வைத்த சிறு சீட்டு, ஹாண்டில்பாரில் காய்கறிப் பை. ஆண்டுக்கொரு முறை ஓவராயிலிங். ஆயுதபூஜையன்று சந்தனம், குங்குமம், மாலை.

வண்டிக்குச் சட்டமும் உண்டு. 1920-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் வண்டி வரியில் சைக்கிளையும் சேர்த்திருந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒரு தகர வில்லையைத் தருவார்கள். அதை வண்டியில் மாட்ட வேண்டும். இரவில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும், இருவர் போனாலும் பிடிக்கும். முதலில் எண்ணெய் விளக்கு, பிறகு டயரில் உரசிச் சுழலும் டைனமோ. டைனமோவைப் போட்டால் மிதி கனக்கும் என்பதால் முனை திரும்பும் வரை அணைத்துவைத்து, போலீஸ்காரர் தலை தெரிந்ததும் போடுவது பலருடைய வழக்கம். காற்றைப் பிடுங்கிவிடுவது போலீசாரின் உடனடித் தண்டனை. வால்வு ட்யூப் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தவரே புத்திசாலி.

சொந்தமாக வண்டி இல்லாதவருக்கு வாடகைக் கடை இருந்தது. சைக்கிளை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட இந்தக் கடைகள் ஐம்பது, அறுபது, எழுபதுகளில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு கடைத்தெருவிலும் இருந்தன. கடை வாசலில் எண் எழுதிய ஏழெட்டு வண்டிகள், பங்க்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, காற்றடிக்கும் பம்ப், சுவரில் ஒரு கடிகாரம், மேசைமேல் பேர், எண், எடுத்த நேரம் எழுதிய நோட்டு. முன்பணம் கிடையாது, அடையாள அட்டையும் கிடையாது. தெரிந்த முகமாக இருக்க வேண்டும், அல்லது தெரிந்த ஒருவர் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரருக்கு வண்டி கிடைப்பது அரிது. சிறுவர்களுக்கென அரை சைக்கிள், முக்கால் சைக்கிள் என்று உயரத்துக்கேற்ற வண்டிகள் வைத்திருந்தார்கள். பெரிய வண்டிதான் கிடைத்தது என்றால் பாருக்கு அடியில் காலை நுழைத்து ஒருபக்கமாகத் தொங்கியபடி மிதிக்க வேண்டும். அதற்குக் குரங்குப் பெடல் என்று பெயர். ராசி அழகப்பனின் சிறுகதையை வைத்து 2024-ல் அதே பெயரில் ஒரு திரைப்படம் வந்தபோது, நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தலைப்பை விளக்கத் தேவை ஏற்படவில்லை.

வாடகைச் சைக்கிளை எடுத்தவர்கள் போன இடங்களைக் கவனித்தால், ஊர் பார்க்கும் வழக்கத்தின் முதல் விதை அங்கே இருந்தது தெரியும். விடுமுறை நாளில் இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து வண்டி எடுப்பார்கள். திருநீர்மலைக்குப் போவார்கள், குன்றத்தூர் மலையேறி முருகனைக் கும்பிடுவார்கள், மீனம்பாக்கத்து வேலிக்கு வெளியே நின்று விமானம் இறங்குவதைப் பார்ப்பார்கள், ஏரியில் குளிப்பார்கள். வழிகாட்டி என்று ஒருவர் இல்லை. கதை சொல்லவும் ஆள் இல்லை. மணி ஆகிறதே, இன்னொரு மணிக்கு வாடகை ஏறுமே என்ற கவலை மட்டும் கூடவே வரும். ஆகவே பார்வை கொஞ்சம், மிதி அதிகம்.

1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது. சைக்கிளுக்கு அதைவிடப் பெரிய எதிரி வேறில்லை. ஸ்கூட்டருக்கு ஆண்டுக்கணக்கில் பெயர் பதிந்து காத்திருந்த காலத்தில், சைக்கிளில் ஒரு சின்ன எஞ்சினை வைத்தாற்போன்ற அந்த வண்டி குமாஸ்தாவுக்கும் பால்காரருக்கும் எட்டியது. ஸ்டேஷன் ஸ்டாண்டில் சைக்கிள் வரிசை குறுகி மொபெட் வரிசை நீண்டது. தொண்ணூறுகளில் மோட்டார் சைக்கிள். சைக்கிள் ஸ்டாண்டு ‘டூ வீலர் பார்க்கிங்’ ஆயிற்று. வரி வில்லையை மக்கள் மறந்தார்கள். வாடகைக் கடைகள் பங்க்சர் கடைகளாகச் சுருங்கி, பிறகு அவையும் பைக் மெக்கானிக் கடைகளாக மாறின. 2004-ல் மீட்டர் கேஜ் மின்சார வண்டியும் விடைபெற்று அகல ரயில் மட்டும் எஞ்சியது. இதற்குள் ஜி.எஸ்.டி. ரோடு அகன்று, நடுவே தடுப்புச் சுவர் எழுந்து, சந்திப்புகளில் மேம்பாலங்கள் வந்திருந்தன. ரோட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதே சைக்கிள்காரருக்குப் பெரும்பாடு. ஸ்டேஷனுக்குப் போன சைக்கிள் காணாமற்போனது சோம்பலால் அல்ல, ரோட்டில் அதற்கு இடம் இல்லாமற்போனதால்.

தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் இதே காலத்தில் சைக்கிளுக்குப் புதிய பயன் ஒன்று ஏற்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் தரும் திட்டத்தை அரசு தொடங்கி, சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி மேல்நிலை மாணவர்கள் அனைவருக்கும் விரித்தது. தாம்பரம் பக்கத்துத் தெருக்களில் இன்று தினமும் ஓடும் சைக்கிள்களில் கணிசமானவை இவைதான்.

ஊர் பார்க்கும் சைக்கிள் இன்னொரு வாசல் வழியாக வந்தது. 2004-ல் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசூஸா ஆகியோர் தொடங்கிய மெட்ராஸ் தினம் (1639 ஆகஸ்ட் 22-ஐ நகரத்தின் பிறந்த நாளாகக் கொள்வது) நகரத்தின் கதையைத் தெருவில் நின்று கேட்கும் பழக்கத்தை உண்டாக்கியது. முதலில் நடைப்பயணங்கள். ஜார்ஜ் டவுனுக்கும் மயிலாப்பூருக்கும் நடை போதும். பார்க்க வேண்டியவை அடுத்தடுத்து இருக்கும். தெற்குப் புறநகர் அப்படியில்லை. ஒரு குடைவரைக்கும் அடுத்த கோயிலுக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர் இருக்கும். காரில் போனால் இடையில் உள்ளது தெரியாது, நடந்தால் பொழுது போதாது. ஆகவே சைக்கிள். கணினி நிறுவனங்களில் வேலைபார்த்தவர்கள் உடற்பயிற்சிக்காகக் கியர் சைக்கிள் வாங்கத் தொடங்கியிருந்த நேரமும் அதுதான். அவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகம் பழகினார்கள். ‘வி ஆர் சென்னை சைக்கிளிங் குரூப்’ நகரின் பகுதிவாரியாக ஆட்களைச் சேர்த்தது. ‘சைக்கிளிங் யோகிஸ்’ குழு வேகத்தை ஒதுக்கிவைத்து, ஞாயிறு காலைகளில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு (பழைய ரயில் நிலையங்கள், ஏரிகள், பல்லவர் சின்னங்கள் என்று) அதைச் சுற்றியே ஒரு பாதை வகுத்தது.

இத்தகைய சுற்றின் நடைமுறை உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றே. பாதை தெரிந்தவர் முன்னால். அனுபவசாலி ஒருவர் கடைசியில், அவருக்குப் பின்னால் யாரும் தங்கிவிடக் கூடாது. நடுவில் மற்றவர்கள், ஒற்றை வரிசையில். வேகம் மணிக்குப் பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து நிமிடக் கதை. ஐரோப்பிய நகரத்தில் கட்டணத்திலேயே சைக்கிளும் தலைக்கவசமும் அடங்கும். வழிகாட்டிக்கு அது பிழைப்பு. சென்னையில் பெரும்பாலும் எல்லாம் தன்னார்வம். வண்டியை அவரவர் கொண்டுவர வேண்டும், வழிகாட்டிக்கு ஊதியம் இல்லை. அங்கே காலை பத்து மணிக்குப் புறப்படலாம். இங்கே ஐந்தரை, ஆறு மணிக்கே புறப்பட்டாக வேண்டும், எட்டரைக்குள் வெயிலும் லாரியும் வந்துவிடும். முடிவில் ஏதாவது ஒரு ஓட்டலில் இட்லி, பொங்கல், காபி. இந்தக் கடைசி நிறுத்தத்துக்குக் கதை தேவைப்படுவதில்லை.

பாதையில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பரங்கிமலை உச்சியில் போர்த்துக்கீசியர் 1523-ல் கட்டிய தேவாலயம் இருக்கிறது. அங்கேயே வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலையும் இருக்கிறது. இந்தியாவை அளந்த பெரும் முக்கோண அளவைப் பணியை அவர் 1802 ஏப்ரல் 10-ல் இந்த மலையடியிலிருந்துதான் தொடங்கினார். இங்கிருந்து தெற்கே பெரும்பாக்கத்துக் குன்று வரை ஏழரை மைல் அடிக்கோடு. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாமென்று ஒதுக்கிய நூறடி எஃகுச் சங்கிலி அதற்குப் பயன்பட்டது. வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் நிழல் பிடித்து, வெப்பம் குறித்து, அந்த ஏழரை மைலை அளந்து முடிக்க ஏழெட்டு வாரம் ஆயிற்று. இன்று அதே தூரத்தைச் சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். ஆனால் நேர்கோட்டில் போக முடியாது. வீடுகளும் பள்ளிக்கரணைச் சதுப்பும் குறுக்கே இருக்கின்றன. அந்தச் சதுப்புநிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

பல்லாவரத்தில் 1863 மே 30-ல், புவியியல் துறையைச் சேர்ந்த இருபத்தெட்டு வயது ராபர்ட் புரூஸ் ஃபூட் சரளைக் குழியொன்றில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது பழைய கற்கால மனிதன் செதுக்கிய கருவி. இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்து தொடங்குவதாகக் கொள்வது மரபு. கால் நூற்றாண்டு கழித்து அலெக்சாண்டர் ரீ அதே ஊர்க் குன்றுப் பக்கம் சுடுமண் ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். அதைக் காண எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலும் இவ்வூரில் உண்டு. இப்போது அது முஸ்லிம்கள் வழிபடும் தலம். கற்கருவி, ஈமப்பேழை, பல்லவர் குடைவரை, தர்கா, ஆங்கிலேயரின் கண்டோன்மென்ட் என்று இத்தனையும் ஒரே ரயில் நிலையத்தைச் சுற்றி இருந்தும், பல்லாவரம் என்றால் சென்னைவாசிக்கு வெள்ளிக்கிழமைச் சந்தைதான் நினைவுக்கு வரும். அதுவும் பழைய மரபுதான்; சைக்கிள் உதிரிப் பாகங்கள் மலிவாகக் கிடைக்கும் இடம் வேறு.

அங்கிருந்து மேற்கே திரும்பினால் அனகாபுத்தூர். ஆப்பிரிக்காவுக்குப் போன ‘மெட்ராஸ் கைக்குட்டை’த் துணியை நெய்த நெசவாளர்களின் ஊர் இது; வாழைநார்ச் சேலையால் அண்மையில் மீண்டும் பெயர் பெற்றது. அதற்கடுத்துத் திருநீர்மலை. நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என நான்கு கோலத்தில் பெருமாள் சேவைதரும் திவ்விய தேசம். மலையைச் சூழ்ந்த நீர் வடிவதற்காகத் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்தார் என்பது தலவரலாறு. கிழக்கே மாடம்பாக்கத்தில் தேனுபுரீசுவரர் கோயில். சோழர் காலத்தது, யானையின் பின்புறம்போல வளைந்த தூங்கானை மாட விமானம் கொண்டது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. சென்னையைச் சுற்றி இந்த வடிவைக் காட்ட இதைவிட நல்ல இடம் அதிகம் இல்லை.

கோயிலையும் குடைவரையையும் பஸ்ஸில் போயும் பார்த்துவிடலாம். சைக்கிளுக்கென்றே உரிய காட்சி ஏரி. மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், செம்பாக்கம் என்று வரிசையாக வரும் ஏரிகள் ஒன்றின் உபரி நீர் அடுத்ததற்குப் போகும்படி மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சங்கிலிபோல அமைந்தவை. வரைபடத்தில் அந்தச் சரிவு தெரியாது. காரில் உட்கார்ந்தவருக்கும் தெரியாது. மிதிப்பவரின் முழங்கால் அதை உடனே சொல்லிவிடும். மிதி லேசானால் நீர் போகும் வழியில் போகிறோம் என்று பொருள். திடீரென்று கனத்தால் பழைய கரையில் ஏறுகிறோம். கரையும் ஏரியும் மறைந்து வீடுகள் வந்துவிட்ட இடத்திலும் அந்த ஏற்றம் மட்டும் எஞ்சியிருக்கும். 2015 டிசம்பர் மழையில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் ஏன் மூழ்கின என்பதை ஒரு காலைச் சைக்கிள் சுற்று அறிக்கைகளைவிடத் தெளிவாக விளக்கும். வழிகாட்டிக் குழுக்கள் தெற்குப் புறநகரில் கோயில் கதைக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை ஏரிக்கும் கொடுத்தால் நல்லது.

பம்மல், பல்லாவரம், அனகாபுத்தூர், திருநீர்மலை, சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, தாம்பரம். இந்தச் சுற்றில் வரும் இப்பத்து உள்ளாட்சிகளும் 2021 நவம்பரில் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி ஆயின. நகராட்சிகள் ஐந்து, பேரூராட்சிகள் ஐந்து. ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்துவிட்டதால் ஒரு முழுச் சைக்கிள் பாதைக்கு இனி பத்து அலுவலகங்களில் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இருந்தும், வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ நண்பர்களோடு வருபவர் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து இந்தச் சுற்றைத் தொடங்குவது எளிதல்ல. மாமல்லபுரத்திலும் புதுச்சேரியிலும் அது எளிது. அங்கே வெளிநாட்டுப் பயணி தங்குகிறார், கடைக்காரர் வண்டி வைத்திருக்கிறார். சென்னையில் 2019-ல் செயலி வழியே சைக்கிள் எடுக்கும் திட்டம் வந்தது. கைபேசி எண், கட்டணம், பூட்டு எல்லாம் கணினிக் கணக்கு. வாடகைக் கடை நோட்டின் புது உருவம் அது. தெரிந்த முகம் என்ற நிபந்தனை மட்டும் நீங்கியிருந்தது.

மணிக்கணக்கில் வாடகைச் சைக்கிள் எடுத்து, நண்பர்களோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நேரம் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் பழைய முறை இந்த வட்டாரத்தில் நிலைத்திருக்கும் ஓர் இடம் தாம்பரத்துக்குத் தெற்கே, 1985-ல் திறக்கப்பட்ட வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. செவ்வாய்க்கிழமை விடுமுறை.